அம்மாயி கதிர்காமத்துக்கு முடிந்து வைத்த காசைப் பழநி உண்டியலில் போடலாமா?

கோத்தகிரி பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டில் இதை வைத்துப் பெரிய பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் கோத்தகிரி. அம்மா வழியில் எல்லோரும் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மாயி கொழுந்து எடுத்தார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மனுப் போட்டு, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்பில் இருந்து இந்த மலைக்கு ஏறினார்கள்.

வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என் பெரிய மாமாவுக்கு, அப்போது கைக்குழந்தை, காய்ச்சல் கண்டு ஜன்னி வந்துவிட்டதாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அம்மாயி கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டு, ஒரு பத்து சதக் காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். மாமா பிழைத்துவிட்டார். ஆனால் நேர்த்திக்கடனைச் செலுத்தப் போவதற்குள் கப்பலுக்குத் தேதி வந்துவிட்டது.

அந்த முடிச்சு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போன வாரம் அம்மாயி எடுத்துக் காட்டினார். துணியில் மஞ்சள் நிறமே இல்லை, பழுப்பாகிவிட்டது. காசின் ஓரம் நெளிநெளியாக இருப்பது துணிக்கு மேலேயே விரலுக்குத் தெரிகிறது. முடிச்சை அவிழ்க்க விடமாட்டேன் என்கிறார். வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு "கடன் வச்சிட்டுப் போறேனே" என்று புலம்புகிறார்.

அம்மா சொல்வது: முருகன் ஒருத்தர்தானே, தைப்பூசத்துக்குப் பழநி போகும்போது உண்டியலில் போட்டுவிடலாம். மாமாவுக்கு அதில் இஷ்டமில்லை. அவருக்காக நேர்ந்தது என்பதால் அவர் பேச்சையும் தள்ள முடியவில்லை. என்ன செய்யலாம்?

பழநி அடிவாரம்:

அக்கா, தாராளமாகப் போடலாம். நான் அடிவாரத்தில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன், எத்தனையோ பேருடைய வேண்டுதலைப் பார்த்திருக்கிறேன். உண்டியல் எண்ணும்போது மலேசிய ரிங்கிட், சிங்கப்பூர் டாலர் எல்லாம் வருகிறது. எங்கே இருந்து நேர்ந்தாலும் தண்டாயுதபாணி ஏற்றுக்கொள்வார்.

இன்னொன்று, பழநியும் கதிர்காமமும் ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை. இங்கே நவபாஷாணத்தில் மூலவரைச் செய்தது போகர் என்பது நம் நம்பிக்கை, அவர் சமாதி மலை மேலேயே பிரகாரத்தில் இருக்கிறது. அதே போகர்தான் கதிர்காமத்தில் யந்திரம் வைத்தார் என்று சித்தர் வழியில் வந்தவர்கள் சொல்வார்கள். சீனத்துக்குப் போய் வந்தவர் என்றும் சொல்கிறார்கள். இரண்டு இடமும் ஒரே கையால் வந்தது என்றால் காசு இங்கே விழுந்தால் என்ன, அங்கே விழுந்தால் என்ன?

அம்மாயியைப் படி ஏறச் சொல்லாதீர்கள். 693 படி. வின்ச், ரோப் கார் இரண்டும் இருக்கிறது. தைப்பூசக் கூட்டத்தில் வேண்டாம், அது முடிந்து ஒரு சாதாரண நாளில் வாருங்கள்.

வண்டிச்சோலை:

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். அடிவாரம் அண்ணன் சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

எங்கள் சித்தப்பா பினாங்கில் இருக்கிறார். அங்கே தண்ணீர்மலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று வெள்ளி ரதம் போகும் வழியெல்லாம் சீனர்கள் தேங்காயை மலை மலையாகக் குவித்து உடைப்பார்கள். வேண்டிக்கொண்டு காவடி எடுக்கும் சீனர்களும் உண்டு. கோலாலம்பூர் பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளை 1891-ல் கோயில் வைத்தார், அடுத்த வருஷமே தைப்பூசம் தொடங்கிவிட்டது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859-ல் கட்டியதும் தெண்டாயுதபாணி கோயில்தான், அதாவது நம் பழநியாண்டவர் பெயர். சைகோனில்கூட அவர்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. போன இடத்துக்கெல்லாம் சாமியைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் நாம். சஞ்சிக்கூலியாகப் போனவரும் சரி, வட்டிக்கடை வைக்கப் போனவரும் சரி, பழநிக்குத் திரும்பி வந்துதான் கும்பிட வேண்டும் என்றால் அத்தனை பேராலும் முடிந்திருக்குமா? இருந்த இடத்திலேயே கும்பிட்டார்கள், அவரும் அங்கேயே வந்தார்.

அம்மாயி மனசு வேதனைப்படாமல் இருப்பதுதான் முக்கியம். சீக்கிரம் செய்துவிடுங்கள்.

சேரம்பாடி டிவிஷன்:

மகளே, நானும் சிலோன்காரன்தான். பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, மீசை அரும்புகிற வயதில் அப்பா அம்மாவோடு கோச்சி (ரயில்) ஏறி வந்தவன். டேன்டீயில், அதான் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கேயே இருக்கிறேன்.

மேலே இரண்டு தம்பிகள் சொன்னதும் நல்ல மனசோடு சொன்னதுதான். முருகன் ஒருத்தர்தான் என்பதில் எனக்கும் வேறு கருத்து இல்லை. ஆனால் முடிந்த காசு என்பது வேறு சங்கதி. அது கதிர்காமத்துக்குப் போக வேண்டிய காசு, அங்கேதான் போக வேண்டும். உன் மாமா சொல்வது சரி.

ஏன் என்று சொல்கிறேன். பழநியில் அவர் ஆண்டி. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வந்து, கோவணமும் தண்டுமாகத் தனியாக நிற்கிறார். கதிர்காமத்தில் அவர் மாப்பிள்ளை. வள்ளியை அங்கேதான் கண்டு கட்டினார் என்பது அந்த ஊர் நம்பிக்கை, வேடுவர்கள் இன்றைக்கும் வள்ளியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகத்தான் நினைக்கிறார்கள். ஆடித் திருவிழாவில் ராத்திரி தோறும் யானை மேல் அவர் புறப்பட்டுப் போவது எங்கே? எதிரே இருக்கிற வள்ளியம்மன் கோயிலுக்கு. சின்னப் பையனாக அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். யானை மேல் சிலை கிடையாது. மூடிய பேழைதான். உள்ளே யந்திரம் இருக்கிறது என்பார்கள், யாரும் பார்த்ததில்லை. கோயிலுக்குள்ளும் அப்படித்தான், திரை தொங்கும். திரையில் வள்ளி தெய்வானையோடு முருகன் படம் எழுதியிருக்கும். அந்தத் திரைக்குத்தான் தீபாராதனை. நம் ஊரிலிருந்து முதல் தடவை போகிறவர்கள் "சாமி எங்கே?" என்று தேடுவார்கள்.

பூசை செய்கிறவர் குருக்கள் இல்லை, கப்புறாளை. சிங்களவர். வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு செய்வார். மந்திரச் சத்தம் இருக்காது. ஆலாத்தி எடுக்கிற அம்மாமாரும் சிங்களப் பெண்கள். நாம் தட்டில் பழம், தேங்காய், பூ வைத்துக் கொடுப்போம், பூசை வட்டி என்று பெயர். அது திரைக்குப் பின்னால் போய்ப் பாதி திரும்பி வரும். பக்கத்திலேயே பள்ளிவாசல். கிழ்ர் நபி பெயரால் முஸ்லிம்கள் அங்கே வருகிறார்கள், திருவிழாவுக்கு அங்கேயும் கொடி ஏறும். இன்னும் கொஞ்சம் நடந்தால் கிரி விகாரை, பெரிய வெள்ளைத் தாதுகோபம். சிங்கள ஜனங்கள் விகாரையில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து இங்கே மயில் தோகைக் காவடி தூக்கி ஆடுவார்கள். அவர்களுக்கும் அவர் காவல் தெய்வம். கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் விடும் நாலு தேவாலயங்களில் கதிர்காமத் தெய்யோவுடையதும் ஒன்று. இன்னொன்று பத்தினித் தெய்யோ, நம் கண்ணகி.

இதையெல்லாம் நீட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. காசு முடிந்து வைப்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. சிங்களவர்களும் நோய் நொடி வந்தால் ஒரு காசை மஞ்சள் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, இன்ன தெய்வத்துக்கு என்று சொல்லிக் கட்டி வைப்பார்கள். பண்டுர என்பார்கள். அவர்களுக்கும் கணக்கு அதேதான். எந்தத் தேவாலயத்துக்குச் சொன்னார்களோ அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உன் அம்மாயி அந்தத் தோட்டத்தில், சுற்றி இருந்த எல்லோரும் அப்படிச் செய்வதைப் பார்த்து, அந்த முறையில் நேர்ந்தவர். அவர் பழநிக்கு நேர்ந்திருந்தால் பழநிக்கு என்று சொல்லியிருப்பார். தோட்டத்திலிருந்து பழநிக்கு நேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

சரி, இந்த வயதில் அவர் எப்படிப் போவார் என்பாய். போக வேண்டியதே இல்லை. இங்கேதான் நீங்கள் எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முடிச்சு இன்னொருவர் கையில் போகலாம்.

எங்கள் லயத்தில் அப்பாவின் பெரியப்பா ஒருவர் ஆடிக்கு ஆடி கதிர்காமம் போவார். கிளம்பும் முந்தின ராத்திரி லயத்தின் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் (அறையிலிருந்தும்) ஆள் வரும். பிரசவம் நல்லபடி ஆனவர்கள், மாடு பிழைத்தவர்கள், வேலை போகாமல் நிலைத்தவர்கள், எல்லோரும் முடிச்சைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பழைய வேட்டித் துணியில் தைத்த பை ஒன்று வைத்திருந்தார், அதில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாது. எந்த முடிச்சு யாருடையது என்று கட்டியிருக்கிற நூலின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். சிவப்பு நூல் மேட்டு லயத்துக் கறுப்பாயிது, கோணி நூல் கங்காணி வீட்டுது என்று. மாணிக்க கங்கையில் பையோடு முழுகி எழுந்து, ஈரத்துணியோடு போய் ஒவ்வொன்றாக எடுத்து, கொடுத்தவர் பெயரைச் சொல்லிப் போடுவார். திரும்பி வந்தால் எல்லோருக்கும் விபூதி. யாரும் "நானே போகவில்லையே" என்று குறைப்பட்டது கிடையாது. பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஒரு நாள் வந்து நிற்காவிட்டால் சம்பளம் போகும் வாழ்க்கையில் எல்லோரும் எப்படிப் போவது? அதற்குத்தான் அந்த வழி.

அதனால் நீ முதலில் செய்ய வேண்டியது அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்லி நேர்ந்தீர்கள் என்று கேட்பது. காசு அடையாளத்துக்குத்தான். நேர்ந்தது என்ன என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கோத்தகிரி பேத்தி:

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாயிக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கப்புறாளை என்றதும் "வாய் கட்டி இருப்பாரு" என்று நான் படிப்பதற்கு முன்னாலேயே சொன்னார். அவரும் கல்யாணமான புதிதில் ஒரு தடவை போயிருக்கிறார், அது எங்கள் யாருக்கும் தெரியாது.

கேட்டேன். பிள்ளை பிழைத்தால் மாணிக்க கங்கையில் முழுகவைத்து மொட்டை அடித்து, வள்ளியம்மனுக்குப் பச்சைச் சேலை ஒன்று எடுத்துச் சாத்துகிறேன் என்று நேர்ந்தாராம். சேலை விஷயம் அம்மாவுக்கே இப்போதுதான் தெரிகிறது. மாமாவுக்குச் சின்ன வயதில் பழநியில் மொட்டை போட்டிருக்கிறார்கள், அது கணக்கில் வராது என்கிறார் அம்மாயி.

மாமா இங்கே ஆட்டோ ஓட்டுகிறார். "நானே போறேன், எனக்குத்தானே நேர்ந்தது" என்று நிற்கிறார். அம்மாவும் பழநிப் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் மாமா போய் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அம்மாயி இப்படியே ராத்திரித் தூக்கம் இல்லாமல் இருந்தால் என்ன செய்வது?

மேல்மலை:

தங்கச்சி, நான் கொடைக்கானல் மேல்மலை. காசு பற்றிப் பெரியவர் சொன்னதுதான் சரி. காத்திருக்கும் காலத்துக்கு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

அம்மாயியை ஒரு தடவை எங்கள் பக்கம் கூட்டி வாருங்கள். கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1936-ல் அதைக் கட்டியவர் லீலாவதி இராமநாதன், யாழ்ப்பாணத்தில் பெண்களுக்குக் கல்லூரி வைத்த சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. பிறப்பால் வெள்ளைக்காரப் பெண்மணி, சைவத்துக்கு வந்து முருகனைக் கும்பிட்டவர். சிலோனிலிருந்து வந்த ஒரு அம்மா இந்த மலையில் முருகனுக்குக் கட்டிய கோயில் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், அம்மாயிக்கு ஒட்டும். இப்போது பழநி தேவஸ்தானத்தின் கீழ் இருக்கிறது. மேகம் இல்லாத காலையில் பின்பக்கம் நின்றால் பழநி மலை கீழே தெரியும். படி ஏற வேண்டிய சிரமமும் இல்லை.

முடிந்தால் பூம்பாறைக்கும் போங்கள். குழந்தை வேலப்பர். அவரையும் போகர் செய்தார் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். அருணகிரிநாதர் அங்கே வந்து தூங்கியபோது ஒரு ராட்சசி கொல்ல வந்தாள், முருகன் குழந்தை வடிவில் பக்கத்தில் படுத்துக்கொள்ள, தாயும் பிள்ளையும் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டாள் என்று கதை. பிள்ளைக்கு நோய் என்றால் மேல்மலைப் பெண்கள் அவரிடம்தான் ஓடுவார்கள். என் தங்கை மகனுக்கு மூச்சு இழுப்பு வந்த காலத்தில் நாங்களும் அங்கேதான் போய் உட்கார்ந்தோம். அங்கே கடன் தீர்க்க வேண்டாம், காசும் போட வேண்டாம். பிள்ளை நன்றாக இருக்கிறான், கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று அம்மாயி வாயால் சொல்லட்டும். மாமாவைப் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

வந்தால் மாசி, பங்குனியில் வாருங்கள். மார்கழி, தையில் பூம்பாறைக் குளிர் வயதானவர்களுக்குத் தாங்காது. கோத்தகிரிக்காரர்களுக்கே தாங்காது.

சேரம்பாடி டிவிஷன்:

மேல்மலைத் தம்பி நல்ல வழி சொன்னீர்கள். சொல்லிவிட்டு வருவது எங்களிடமும் உண்டு. தோட்டத்தில் கதிர்காமம் போக முடியாமல் போன வருஷம், டிவிஷன் கோயிலில் ஒரு கற்பூரம் கொளுத்தி "அடுத்த ஆடிக்கு" என்று சொல்லிவிடுவார்கள். தவணை கேட்பது தப்பில்லை, மகளே. அம்மாயியிடம் சொல்.

மாமா போவது ரொம்ப நல்லது. அவர் தலைக்குத்தான் மொட்டை, வேறு யார் போயும் அதைச் செய்ய முடியாது. அதனால் என் தங்கை குடும்பத்திடம் முடிச்சைக் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்ததை விட்டுவிட்டேன். அவர்கள் இன்னும் ஹட்டன் பக்கம்தான் இருக்கிறார்கள், ஆடிக்கு வேன் பிடித்துப் போவார்கள். மாமா அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம், தனி ஆளாக மொழி தெரியாமல் அலைய வேண்டாம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்களே என்று கேட்பார். 2023-ல் தொடங்கி, நின்று, 2024-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆனால் அது இறக்கிவிடுவது யாழ்ப்பாணத்தில், வடக்குக் கோடி. கதிர்காமம் தெற்குக் கோடி. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போவதுதான் அலைச்சல் குறைவு. கொழும்பிலிருந்து கதிர்காமத்துக்கு நேர் பஸ் இருக்கிறது. ஆடித் திருவிழா பௌர்ணமியையொட்டி கங்கையில் தீர்த்தத்தோடு முடியும், கடைசி நாட்களில் இடம் கிடைக்காது. கொடியேறிய முதல் வாரத்தில் போகச் சொல். ஆற்றில் அப்போது தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும். மருத மர நிழலில் முடி எடுக்க ஆள் இருப்பார்கள்.

சேலையைக் கோத்தகிரியிலேயே எடுங்கள். அம்மாயி கையால் தொட்டுக் கொடுக்கட்டும். முடிச்சை அவிழ்க்கவே வேண்டாம், அந்தப் பழைய துணியோடு வள்ளியம்மன் கோயிலிலும் காட்டிவிட்டுப் பெரிய கோயிலில் போடலாம்.

பாஸ்போர்ட்டுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். மாமா பிறந்த இடம் இலங்கை என்பதால் கேள்வி வரும். தாயகம் திரும்பும்போது கொடுத்த குடும்ப அட்டையும், கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் அம்மாயிக்குப் போட்டுக் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டும் அதே டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். மாமா பெயர் அதில் கைக்குழந்தையாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுது. பெயரில் எழுத்து மாறியிருந்தால் என்ன செய்வது என்று சொல்கிறேன். எங்கள் டிவிஷனில் பாதிப் பேருக்கு அந்தப் பிரச்சினை இருந்தது.